இண்டைக்கு என்ன கறி?

இரண்டு மூன்று வருடங்களுக்கு முன்னர் ஒரு செப்டெம்பர் மாதம் நான் பின்லாந்துக்குப் போயிருந்தேன். எங்கள் ஊர் கல்முனையில் ஓர் இளைஞர் நிலையத்தில் எனக்கு வேலை. படிப்பை இடையில் விட்ட பிள்ளைகள், தொழில் தேடி அலைகிற பிள்ளைகள், வீட்டில் கோபித்துக்கொண்டு வருகிற பிள்ளைகள் எல்லோரும் வந்து போகிற இடம் அது. பல நாடுகளில் இதே வேலையைச் செய்கிறவர்களைக் கூட்டிவந்து, ஒருவர் வேலையை மற்றவர் பார்க்க வைக்கிற பரிமாற்றப் பயணம் ஒன்றுக்கு என்னையும், தம்பிலுவிலைச் சேர்ந்த ஒரு தம்பியையும் தெரிவு செய்திருந்தார்கள்.

செய்தியைச் சொன்னதும் உம்மா கேட்டது, "அங்க சோறு கிடைக்குமா புள்ள?" என்று. பதிலுக்குக் காத்திருக்கவில்லை. சீனிச் சம்பல் ஒரு போத்தல், கூனி இறால் வறுவல் ஒரு போத்தல் என்று பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டார்.

என்னைப் பற்றி ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அடுத்தவர் விசயத்தைத் தெரிந்துகொள்ளாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எங்கள் ஒழுங்கையில் யார் வீட்டுக்கு யார் வந்தார்கள் என்று தெரிய வேண்டுமானால் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று என் கணவர் கேலி செய்வார். உண்மைதான். மனிதர்களைப் பற்றி அறிகிற ஆசை இல்லாவிட்டால் இந்த வேலைக்கே நான் வந்திருக்க மாட்டேன்.

பின்லாந்தில் முதல் நாள் சாப்பாட்டு மேசையில் எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவள் அந்த ஊர் இளைஞர் நிலையத்தில் வேலை செய்பவள். என் வயதுதான் இருக்கும். தனியாக இருக்கிறாள் என்று தெரிந்ததும் எனக்குப் பொறுக்கவில்லை. ஏன் கல்யாணம் முடிக்கவில்லை, தாய் தகப்பன் எங்கே, தனியாக இருக்கப் பயமில்லையா, சம்பளம் செலவுக்குக் காணுமா என்று வரிசையாகக் கேட்டேன். அவள் முகம் சிவந்துகொண்டே போனது. எல்லாவற்றுக்கும் "ஆம்", "இல்லை" என்றே பதில் வந்தது. தம்பிலுவில் தம்பி மேசைக்குக் கீழே என் காலைத் தட்டினான்.

"அக்கா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. அந்தப் பொம்பிள இன்னும் ஒரு வாய் சாப்பிடல்ல."

அடுத்த நாள் காலையில் நடந்த முதல் அமர்வே, ஒருவருடைய சொந்த விசயத்தைக் கேட்பதற்கு முன்னர் அவரிடம் அனுமதி கேட்க வேண்டும் என்பதைப் பற்றியது. அது முன்பே திட்டமிட்டதா, என்னைப் பார்த்துவிட்டுச் சேர்த்ததா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம். தம்பி என் பக்கமே திரும்பவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் அவள் வேலை செய்கிற விதத்தைப் பார்த்தபோது என் ஆர்வம் இன்னும் கூடிவிட்டது. அவளுடைய நிலையத்துக்கு ஒரு பெண்பிள்ளை வருவாள். யாரோடும் கதைக்க மாட்டாள். இவள் அந்தப் பிள்ளையோடு ஏரிக் கரையில் இருந்த வாங்கில் போய் உட்கார்ந்துகொள்வாள். இரண்டு பேரும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். என்னதான் கதைக்கிறார்கள் என்று யன்னலால் எட்டி எட்டிப் பார்ப்பேன். ஒருவருக்கும் உதடே அசையாது. இதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்களே என்றுகூட நினைத்தேன்.

"அவளிடம் என்ன கேட்டாய்?" என்று ஒருநாள் கேட்டே விட்டேன்.

"ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கு நேரம் வரும்" என்றாள்.

நாங்கள் ஊருக்கு வெளிக்கிடுகிற நாளுக்கு முதல் நாள் அதே வாங்கில் அந்தப் பிள்ளை கையை ஆட்டி ஆட்டிக் கதைத்துக்கொண்டிருந்தாள். இவள் தலையை மட்டும் அசைத்தாள். யன்னலுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். நான் கேள்வி கேட்டே விரட்டிய பிள்ளைகள் எத்தனை பேரோ என்று நினைத்துக்கொண்டேன்.

பிரிகிறபோது எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதோம். வட்ஸ்அப் குழு ஒன்று தொடங்கினோம். முதல் மாதம் படம் படமாக வந்து குவிந்தது. பிறகு பிறந்தநாள் வாழ்த்து மட்டும் வந்தது. அதற்குப் பிறகு அதுவும் நின்றுபோனது. ஆட்களை அப்படி விட்டுவிட என்னால் முடியாது. அந்தப் பின்லாந்துக்காரிக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். ஆங்கில எழுத்தில் தமிழ். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் அதன் கருத்து.

"இண்டைக்கு என்ன கறி?"

எங்கள் ஊரில் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று இரண்டு பெண்கள் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான். சோற்றோடு சேர்கிற கறியை அறிய மட்டும் கேட்பதில்லை. மாட்டிறைச்சி என்றால் விருந்தாளி வந்திருக்கிறார்கள். கஞ்சி என்றால் யாருக்கோ சுகமில்லை. வெறும் சம்பல் என்றால் வீட்டுக்குள் ஏதோ சண்டை. கறியைச் சொன்னால் வீட்டைச் சொன்னது போல. இது எங்களுக்கு மூச்சு விடுவதுபோல வருகிறது. அவளுக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசிக்கவேயில்லை.

"உருளைக்கிழங்கு, மீன், வெண்ணெய்" என்று பதில் வந்தது. மறுநாளும் கேட்டேன். "கோழி, பீட்ரூட்." நாலைந்து நாள் இப்படியே போன பிறகு அவளே கேட்டாள்.

"இது ஏதாவது ஆய்வுக்கா?"

நான் சிரித்த சிரிப்பில் என் கணவர் என்னவோ ஏதோ என்று அடுப்படிக்கு ஓடி வந்தார். அவளுக்கு விளக்கமாக எழுதினேன். அடுத்த நாளிலிருந்து அவளுடைய தட்டின் படம் வரத் தொடங்கியது. வார்த்தை ஒன்றும் இருக்காது, படம் மட்டும்தான். நான் பகல் சோறு போட்டதும் என் தட்டைப் படம் எடுத்து அனுப்புவேன். அவளுடைய பகல் சாப்பாடு எனக்குப் பின்னேரம் அஸர் தொழுகை நேரத்துக்கு வந்து சேரும். என் சூரை மீன் ஆணக் குழம்புக்கு அவளுடைய உருளைக்கிழங்கு சூப் என்று ஒரு வருடத்துக்கு மேலாக இது நடந்தது. அவள் வீட்டுக் கதை ஒன்றுகூட எனக்குத் தெரியாது. ஆனாலும் அவளை நன்றாகத் தெரியும் போல இருந்தது.

பிறகு வந்த குளிர்காலத்தில் ஒருநாள் கோப்பி மட்டும் வந்தது. அடுத்த நாள் பாண் ரொட்டித் துண்டு ஒன்று. அதற்கடுத்த நாள் மறுபடியும் கோப்பி. அதே கோப்பை, அதே மேசை. முன்பெல்லாம் பின்னால் நிலையத்துப் பிள்ளைகளின் கையோ காலோ தெரியும். இப்போது யாருமே இல்லை.

"அவ சமைக்கிறல்ல" என்று கணவரிடம் சொன்னேன்.

"குளிருக்கு ஆக்கப் பஞ்சியா, சோம்பலா இரிக்கும். நீ சும்மா இரி."

"பஞ்சி எண்டா ஒரு நாள், ரெண்டு நாள். இது வேற."

"சுகமா?" என்று அவளிடம் கேட்டேன். "சுகம்" என்றாள். அதற்கு மேல் எப்படிக் கேட்பது? அந்தக் காலை அமர்வு ஞாபகத்துக்கு வந்தது. பக்கத்து வீடாக இருந்தால் நான் கேட்டுக்கொண்டு நிற்கவே மாட்டேன். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் துக்கம் என்றால் அந்த வீட்டில் அடுப்பு மூட்ட விடமாட்டார்கள். பக்கத்து வீடுகளிலிருந்து சாப்பாடு தானாக வந்து நிற்கும். அனுமதி கேட்கிற கதையே இல்லை. ஆனால் அவளுடைய வேலி எங்கேயோ இருக்கிறது. நான் கத்தரிக்காய்ப் பால்கறி வைத்து யார் கையில் கொடுத்தனுப்புவது?

இரண்டு நாள் மனதைப் போட்டுக் குழப்பிவிட்டு, எங்களோடு அந்தப் பயணத்தில் இருந்த எஸ்தோனியா நாட்டுப் பெண்மணி ஒருவருக்கு எழுதினேன். எங்கள் குழுவில் வயதில் மூத்தவர், கலகலப்பானவர். காலையில் கப்பல் ஏறினால் பகல் சாப்பாட்டுக்குப் பின்லாந்தில் நிற்கலாம் என்று முன்பு சொல்லியிருந்தார். குழுவில் போடாமல் அவருக்கு மட்டும்தான் சொன்னேன்.

"நான் போகிறேன். ஆனால் போய் அவளிடம் என்ன கேட்பது?" என்றார்.

"ஒன்றும் கேட்க வேண்டாம். சூப்பை வைத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்" என்று எழுதினேன். அனுப்பிய பிறகு, இதை எழுதியது நான்தானா என்று அந்தச் செய்தியை இன்னொரு தடவை வாசித்துப் பார்த்தேன்.

அவர் போனார். ஒன்றும் கேட்காமல் சூப்பைச் சூடாக்கி வைத்தாராம். பின்னேரமாகித்தான் அவள் வாயைத் திறந்திருக்கிறாள். அவளுடைய நிலையத்துக்குச் சின்ன வயதிலிருந்தே வந்துகொண்டிருந்த ஒரு பையன் கார் விபத்தில் இறந்துபோயிருந்தான். அவள் லீவு போட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டவள்தான். கேட்ட எல்லோருக்கும் சுகம் என்றே சொல்லியிருக்கிறாள். எஸ்தோனியாப் பெண்மணி அந்தக் கிழமை முழுக்க அங்கேயே தங்கி, அவளோடு வைத்தியரிடமும் போய் வந்தார். எனக்கு அப்போதுதான் மூச்சு வந்தது.

ஆனால் அவளிடமிருந்து எனக்கு வந்தது நன்றி இல்லை.

"என்னைப் பற்றி இன்னொருவரிடம் சொல்லியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருக்கலாம்."

சுருக்கென்றது. அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. "நல்லதுக்குத்தானே செஞ்ச, விடு புள்ள" என்றார் கணவர். விட முடியவில்லை. அவள் சொன்னது சரிதான். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாள் என்பதும் சரிதான். நான் செய்தது சரியா பிழையா என்று இன்றைக்கும் எனக்கு முடிவு தெரியாது. மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. தட்டும் வரவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்ததுதான் என் வாழ்க்கையிலேயே எனக்குக் கஷ்டமான வேலை. கேட்காமல் இருந்தேன். பகலில் என் தட்டின் படத்தை மட்டும் அனுப்பினேன். பிட்டு, முருங்கைக்காய், தயிர். அவள் பார்த்தாள் என்பதற்கு அடையாளமாக நீலக் குறி விழும். அதோடு சரி. அவளும் நானும் ஏரிக் கரை வாங்கில் உட்கார்ந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொள்வேன்.

அந்த முறை எங்கள் பக்கம் மாரி மழை விடாமல் அடித்தது. வயலும் றோட்டும் ஒன்றாகி, வீட்டுக்குள் வெள்ளம் வந்துவிட்டது. கரண்ட் இல்லை, போன் இல்லை. உம்மாவையும் எங்கள் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பாடசாலை ஒன்றில் போய்த் தங்கினோம். வெள்ளம் வற்றத் தொடங்கிய பிறகுதான் யாரோ ஜெனரேற்றர் போட்டார்கள். போனைச் செருகி, தொடர்பும் திரும்பி வந்ததும் அது நிறுத்தாமல் சத்தம் போட்டது.

எல்லாவற்றிலும் முதலில் கண்ணில் பட்டது அவளுடைய செய்திதான். ஆங்கில எழுத்தில், தமிழில்.

"இண்டைக்கு என்ன கறி?"

மறுநாளும் அதே கேள்வி. அதற்கடுத்த நாளும் அதே கேள்வி. பிறகு, செத்துக் கிடந்த எங்கள் குழுவிலே அவள் எழுதியிருந்தாள்: "கல்முனையிலிருந்து தட்டு வரவில்லை. யாருக்காவது அவளைப் பற்றித் தெரியுமா?" அதற்குக் கீழே எல்லா நாட்டுக்காரரும் வந்து நின்றார்கள். தம்பிலுவில் தம்பியை அவள் தொலைபேசியில் பிடித்திருக்கிறாள். அவன் ஆள் விட்டுத் தேடிக்கொண்டிருந்திருக்கிறான். பாடசாலை மண்டபத்தில் பாயில் உட்கார்ந்துகொண்டு அழுதேன். உம்மா பயந்துபோய், "ஆருக்கு என்ன மகள்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை, ஒரு ஆள் கறி கேட்கிறாள் என்றேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். "என்னைப் பற்றி உலகத்துக்கே சொல்லியிருக்கிறாய். என்னிடம் கேட்டிருக்கலாம்."

உடனே பதில் வந்தது. "கேட்டேன். ஒவ்வொரு நாளும் கேட்டேன்."

நிவாரணமாகக் கொடுத்த சோற்றுப் பார்சலை விரித்துப் படம் எடுத்து அனுப்பினேன். சோறு, பருப்பு, கொஞ்சம் கருவாடு. அஸர் நேரத்துக்கு அவளுடைய தட்டு வந்தது. உருளைக்கிழங்கு, மீன், வெண்ணெய். பின்னால் நிலையத்துப் பிள்ளை ஒன்றின் கை தெரிந்தது.

இப்போதும் பகல் சோறு போட்டதும் முதலில் போனைத்தான் எடுக்கிறேன். ஒருநாள் என் தட்டு போய்ச் சேராவிட்டால் தேடுவதற்கு அந்தக் கரையில் ஒருத்தி இருக்கிறாள் என்ற நினைப்பு, கறியே இல்லாத நாளிலும் எனக்குச் சோற்றை இறக்கிவிடுகிறது.