டஸ்கனியில் ஒரு ரிவர்ஸ் கியர்

"இது கலர் ஜெராக்ஸ்தானே?"

கவுன்டரில் இருந்த பெண் இங்கிலீஷில்தான் கேட்டாள். ஆனால் எங்கள் வீட்டுக்காரரின் முகம் போன போக்கைப் பார்த்திருந்தால் இங்கிலீஷ் தெரியாதவர்களுக்கும் விஷயம் விளங்கியிருக்கும்.

இடம், இத்தாலி. ஃப்ளாரன்ஸ் ஏர்போர்ட்டில் கார் வாடகைக்குக் கொடுக்கும் கவுன்டர். போன மாதம் நடந்த கூத்து இது. பெங்களூரில் வேலை பார்க்கும் எங்கள் மகள் கயல், கல்யாண நாள் பரிசாக எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்திருந்தாள். டஸ்கனியில் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு பண்ணை வீட்டில் ரூமும் போட்டிருந்தாள். அங்கே பஸ் போகாது. கார் எடுத்துக்கொண்டு, ஒயின் தயாரிக்கிற ஊர் ஊராகச் சுற்றுவது என்று பிளான்.

ஓட்டப்போவது யார்? இதில் என்ன சந்தேகம்... வீட்டுக்காரர் ஏழுமலைதான். (பெயரைச் சொல்லிவிட்டேன். படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளட்டும்!)

அவர் கம்பீரமாக நீட்டிய லைசென்ஸ், பளபளவென்று லேமினேட் செய்த கலர் ஜெராக்ஸ்.

"ஒரிஜினல் எங்கங்க?" என்றேன்.

"பீரோல பத்திரமா இருக்குது. ஃபாரின்ல தொலைஞ்சிட்டா என்னா பண்றது?"

எங்கள் மரக்காணத்து வீட்டுப் பீரோவில்! சிரிக்காதீர்கள். உங்கள் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறது? மார்க் ஷீட், பட்டா, ஆதார்... எந்த ஒரிஜினலை நாம் வெளியே எடுத்திருக்கிறோம்? இவர் விடாமல், "மேடம், ஒரிஜினல் இன் ஹவுஸ். வெரி சேஃப்" என்று வாதாடினார். அந்தப் பெண் பாவம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வேறு டிரைவர் இருக்கிறாரா?" என்றாள்.

இருக்கிறாரே! என் ஹேண்ட்பேக்கில் என் ஒரிஜினல் இருந்தது. வானூர் ஆபீசுக்கு ஸ்கூட்டரில் போகிறவள், எப்போதும் பையிலேயே கிடக்கும். கயல் அடம்பிடித்து எடுக்கவைத்த இன்டர்நேஷனல் பர்மிட்டும் கூடவே இருந்தது. "உங்கம்மாவுக்கு எதுக்கு அதெல்லாம்?" என்று அன்றைக்கு இவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் கிடைத்தது.

கார் லைசென்ஸ் வாங்கிப் பல வருஷமாகிறது. ஆனால் ரோடு? "ஈ.சி.ஆர்ல பஸ்ஸுங்கல்லாம் பறக்குது வசந்தா. உனக்கு எதுக்கு ரிஸ்க்கு?" என்பார். அதனால் என் டிரைவிங் எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலையில் உப்பளக் கரையோடு சரி. இரண்டு பக்கமும் உப்புப் பாத்தி, நடுவில் ஒரு வண்டி போகிற அளவு மண் பாதை. இந்த சான்ஸையும் விட்டால் ஆயுசுக்கும் அந்தக் கரைதான் எனக்கு.

"நான் ஓட்டுறேங்க" என்றேன். பயம்தான்... ஆனால் அதைவிடச் சந்தோஷம் அதிகம். குதிக்கலாம் போல இருந்தது!

அவர் ஒரு கண்டிஷன் போட்டார். "ஒரு கீறல் விழுந்தாலும் சரி... வண்டிய திருப்பிக் குடுத்துட்டு டாக்சி. அப்புறம் நம்ம ஊர்லயும் சாவி கேக்கக் கூடாது. சம்மதமா?"

சம்மதம்.

ஸ்டியரிங் இடது பக்கம். கியர் வலது கையில். ரோட்டில் போக வேண்டியதும் வலது பக்கம். முதல் வளைவில் இண்டிகேட்டர் போட்டேன், வைப்பர் ஆடியது. வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டில் இவர் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தார்.

ஊரைத் தாண்டியதும்... அடடா! மேடு என்றால் உப்புக் குவியல் மட்டுமே பார்த்து வளர்ந்த கண் எனக்கு. இங்கே குன்று குன்றாக, வரிசை வரிசையாகத் திராட்சைக் கொடி. அறுவடை நேரம். ஜன்னலை இறக்கினால் இனிப்பாக ஒரு வாசனை. எனக்கு வாய்விட்டுப் பாடத் தோன்றியது. பாடினேன். "ரோட்ட பாரு" என்றார்.

மேப் எங்களை ஒரு சந்துக்குள் இறக்கிவிட்டது. ஒரு பக்கம் கல் சுவர், மறுபக்கம் பள்ளம். வளைவில் திரும்பினால் எதிரே ஒரு டிராக்டர்... டிரெய்லர் நிறையக் கறுப்புத் திராட்சை!

"ஹார்ன் அடி! அவன் பின்னாடி போவட்டும். நாம டூரிஸ்ட்டு!"

"அவரு லோடு வெச்சிருக்காருங்க."

எங்கள் உப்பளக் கரையில் இதற்கு மறுபேச்சே கிடையாது. உப்பு ஏற்றிய வண்டி எதிரே வந்தால், காலி வண்டிதான் பின்னால் போக வேண்டும். நான் கரையில் முன்னால் ஓட்டியதைவிட ரிவர்ஸ் எடுத்ததுதான் அதிகம். அங்கே தப்பினால் உப்புத் தண்ணீர். இங்கே தப்பினால் கீறல், டாக்சி, அத்தோடு என் கதை முடிந்தது.

ரிவர்ஸ் கியரைத் தேடிப் பிடித்துப் போட்டேன். இவர் என்ன நினைத்தாரோ, கதவைத் திறந்து இறங்கிக் காருக்குப் பின்னால் ஓடினார். டிக்கியில் ஒரு தட்டு. "வா... வா... வரலாம் வா... லெஃப்ட்ல ஒடி... இன்னும் வா..." டஸ்கனி மலைக்காட்டில் நம்ம ஊர் லாரி கிளீனர் குரல்! சிரிப்பு வந்தால் ஸ்டியரிங் ஆடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். வளைவு, மேடு, மறுபடி வளைவு... கடைசியில் ஒரு தோட்டத்துக் கேட் அருகே இடம் கிடைத்து ஒதுக்கினேன்.

"ஹோல்டான்!" என்று கத்திவிட்டு, காரைச் சுற்றி வந்து தடவித் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை!

டிராக்டர்காரர் வண்டியை நிறுத்தி, இறங்கி வந்து கை தட்டினார். "பிராவா, சிஞோரா! பிராவா!" டிரெய்லரிலிருந்து ஒரு பெரிய குலையை எடுத்து ஜன்னல் வழியாக என் மடியில் வைத்தார்.

"என்னா சொல்றான்?" என்றார் இவர்.

"தெரியலைங்க. ஆனா என்னப் பாத்துத்தான் சொல்றாரு."

கார் கிளம்பியதும் இவர் திராட்சையைப் பிய்த்துத் தானும் தின்று எனக்கும் ஊட்டிக்கொண்டு வந்தார். கல்யாணமான புதிதில்கூட அப்படிச் செய்ததில்லை!

மறுநாள் ஒயின் பண்ணையில் எனக்கும் கிளாஸை நீட்டினார்கள். "நோ, நோ... ஐ ஆம் த டிரைவர்" என்றேன். சொல்ல எவ்வளவு நன்றாக இருந்தது தெரியுமா? கேட்காமலே இன்னொரு தரம் சொன்னேன். இவர் ஒரு வாய் குடித்துவிட்டு, "புளிச்ச மோர் மாதிரி இருக்குது" என்று முகம் சுளித்தார். கிளாஸைக் காலி செய்துவிட்டுத்தான் வைத்தார் என்பது வேறு விஷயம்.

ஊர் திரும்பியாயிற்று. போன ஞாயிறு ஈ.சி.ஆரில் கீழ்புத்துப்பட்டு வரை நானே ஓட்டிப் போய்வந்தேன். பஸ்கள் பறக்கத்தான் செய்தன. பறக்கட்டுமே!

வீட்டுக்காரர் இப்போதெல்லாம் டீக்கடைக்குப் போனால்கூடச் சட்டைப் பையில் ஒரிஜினல் லைசென்ஸோடுதான் போகிறார்.

கார் சாவிதான் என் ஹேண்ட்பேக்கில் இருக்கிறது.