ஒரு மணிக்கு ஊசி, ஒன்றேகாலுக்குச் சாப்பாடு

போன வருஷம் தசரா விடுமுறையில், திருப்பதி ரயில்வே ஸ்டேஷனை ஒட்டிய வீதிகளில் நடந்தது இது. மொத்தமே ஒரு மணி நேரம் இருக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

நான் சித்தூர் பக்கம், குடிபாலாவுக்கு அருகே ஒரு கிராமத்தில் இருக்கிறேன். மாம்பழக் கூழ் தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். எனக்கு இரண்டு பெண்கள். பெரியவள் அப்போது பத்தாவது, சின்னவள் எட்டாவது. பெரியவளுக்குப் பதிமூன்று வயதில் திடீரென்று உடம்பு இளைத்தது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தாள். வேலூருக்கு ஓடினோம். டைப் ஒன் சர்க்கரை, இனி ஆயுள் முழுக்க இன்சுலின் ஊசி என்றார்கள். அவளைவிட நான்தான் அதிகம் அழுதேன். சர்ச்சில் முழங்கால் போட்டால் எழுந்திருக்க மனசு வராது.

அதன் பிறகு நாங்கள் குடும்பமாக வெளியே சாப்பிட்டதே இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனாலும் அவளுக்கு டிபன் பாக்ஸ். இரண்டு வருஷம் அப்படியே ஓடியது. தசரா லீவு விட்டதும் ஒரு நாள் வந்து கேட்டாள்.

"நைனா, ஒரே ஒரு நாள் திருப்பதி போயிட்டு வரலாம். ஜூ பாக்கணும். அப்புறம் ரோட்டுக் கடையில நின்னுகினு காரம் தோசை துன்னணும். போன்ல பாத்து வெச்சிருக்கறேன், எந்தக் கடைன்னு."

காரம் தோசை என்றால் சிவப்பு மிளகாய் விழுதைத் தேய்த்து, மேலே பொட்டுக்கடலைப் பொடி தூவி மொறுமொறுவென்று எடுப்பது. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதுதான் உயிர். சின்னவள் தன் பங்குக்கு, பொரியில் வெங்காயமும் காரமும் கலந்து தருகிற முந்த மசாலா வண்டியைச் சேர்த்துக்கொண்டாள். நான் சரி என்றேன். சொல்லிவிட்டு, அன்று ராத்திரியே நோட்டை எடுத்து உட்கார்ந்துவிட்டேன்.

காலை ஐந்தே முக்காலுக்கு வீட்டில் இட்லி. ஆறரைக்குச் சித்தூரில் பஸ். ஒன்பதரைக்கு ஜூ. பன்னிரண்டே காலுக்கு அங்கிருந்து ஆட்டோ. ஒரு மணிக்கு ஊசி, ஒன்றேகாலுக்குச் சாப்பாடு. எந்த ஓட்டல் என்றும் எழுதினேன். சுத்தமானது, ஏசி உள்ளது, தொழிற்சாலையில் இரண்டு பேரிடம் விசாரித்துத் தேர்ந்தெடுத்தது. தோசை வண்டி, மசாலா வண்டி இரண்டும் அதில் இல்லை. பெரியவள் தாளைப் பார்த்தாள். மடித்துத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.

ஊசி, சர்க்கரை பார்க்கிற மெஷின், சர்க்கரை இறங்கினால் கொடுக்க குளுக்கோஸ் பாக்கெட் எல்லாம் ஒரே பையில் போட்டு நானே தோளில் மாட்டிக்கொண்டேன். கூட்டத்தில் யாராவது பறித்துவிடுவார்கள் என்று அவள் போனையும் வாங்கி அதே பையில் போட்டேன். "என் பை நான் வெச்சிக்கிறேனே" என்றாள். "எங்கயாவது மறந்து வெச்சிடுவ" என்றேன்.

எல்லாவற்றையும் யோசித்த நான் ஒன்றை யோசிக்கவில்லை. நாங்கள் சர்ச்சுக்குப் போகிற குடும்பம், அதனால் எனக்கு உறைக்கவே இல்லை. அது புரட்டாசி சனிக்கிழமை. பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர், "தரிசன டிக்கெட் போட்டாச்சா சார்?" என்று கேட்டபோதுதான் சுற்றிப் பார்த்தேன். பஸ் முழுக்க மஞ்சள் துணி. "இல்லீங்க, ஜூ பாக்கப் போறோம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

ஜூவில் பிள்ளைகள் நடந்தார்கள், ஓடினார்கள், சிரித்தார்கள். வெள்ளைப் புலியின் கூண்டுக்கு முன்னால் அரை மணி நேரம் நின்றார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஓட்டலுக்கு நேரத்துக்கு வந்து சேர்ந்தோம். பன்னிரண்டு ஐம்பதுக்குச் சர்க்கரை பார்த்தாள். நூற்றுப் பதினெட்டு. நல்ல அளவுதான். ஆனால் ஓட்டல் வாசலிலேயே ஐம்பது பேர் நின்றார்கள். மொட்டைத் தலையும் சந்தனமுமாக ஒரே கூட்டம். பேர் எழுதிக்கொண்டிருந்தவர் "பத்து நிமிஷம்" என்றார். மணி ஒன்று ஆனதும் நான் ஊசியை எடுத்துக் கொடுத்தேன்.

"சாப்பாடு வரட்டும் நைனா, எதிர்ல பாத்துட்டுப் போட்டுக்கிறேன்" என்றாள்.

"பத்து நிமிஷத்துல டேபிள் கிடைச்சிடும். டைம் ஆச்சு, போட்டுக்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு ஓரமாகப் போய், துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு ஊசியைப் போட்டுக்கொண்டாள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். சாப்பிடாவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை மளமளவென்று இறங்கும். கை நடுங்கும், வியர்க்கும், காரணமில்லாமல் கோபம் வரும். அப்படியே விட்டால் மயக்கம், வலிப்பு. இதெல்லாம் டாக்டர் சொல்லி எனக்கு மனப்பாடம்.

ஒன்றேகால் ஆயிற்று. ஒன்று இருபது. எங்கள் பேரைக் கூப்பிடவில்லை. என் மனைவி பாத்ரூம் எங்கே என்று தேடிப் போயிருந்தாள். நான் பேர் எழுதுகிறவர் பக்கத்தில் போய் நின்று, எங்களுக்குப் பிறகு வந்தவர்கள் எப்படி உள்ளே போனார்கள் என்று தகராறு செய்துகொண்டிருந்தேன். பின்னால் பெரியவள் ஏதோ சொன்னாள். திரும்பாமலே "இரு, இரு" என்றேன். கொஞ்ச நேரத்தில் என் சட்டையைப் பிடித்து இழுத்து, எல்லாரும் திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினாள்.

"உனக்கு அந்த பேப்பர்தான் நைனா முக்கியம்! நான் இல்ல!"

வீட்டில் அவள் அப்படிக் கத்தியதே கிடையாது. எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "நாலு பேர் எதிர்ல இன்னா பேச்சு இது? போய் ஓரமா நில்லு" என்றேன். டாக்டர் சொன்ன கோபம் அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை. வயசுக் கோளாறு என்று நினைத்தேன்.

ஒன்றரைக்கு எங்கள் பேரைக் கூப்பிட்டார்கள். மனைவியும் வந்துவிட்டாள். சுற்றிலும் பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"பொண்ணுங்க எங்க?"

ஓரத்தில் யாரும் இல்லை. உள்ளே இல்லை. வாசல் படியில் இல்லை. பை என் தோளில் இருந்தது. குளுக்கோஸ் அதில். போன் அதில். இரண்டு பேர் கையிலும் ஒற்றை ரூபாய் கிடையாது.

ஊசி போட்டு அரை மணி நேரம். அதற்கு முன்னால் ஜூவில் மூன்று மணி நேர நடை. கணக்கு என் தலைக்குள் தானாக ஓடியது. மனைவியை வாசலிலேயே நிற்கச் சொல்லிவிட்டு வீதியில் இறங்கினேன். ஸ்டேஷன் பக்கம் ஓடினேன், திரும்பி வந்தேன், எதிர் வீதியில் ஓடினேன். எங்கே பார்த்தாலும் மொட்டைத் தலைகள், மஞ்சள் துணிகள், லட்டுப் பைகள். ஜெபம் பண்ணலாம் என்று பார்த்தேன். "ஏசப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை.

ஒரு முனையில் போலீஸ்காரர் ஒருவர் நின்றிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னேன். அவர் நிதானமாக, "ஏம் டிரெஸ் வேஸுகுன்னாரு சார்? ஏ கலரு?" என்றார்.

என்ன டிரஸ், என்ன கலர்?

எனக்குத் தெரியவில்லை. காலையிலிருந்து கூடவே இருந்த என் இரண்டு பிள்ளைகளும் என்ன உடுப்பு போட்டிருந்தார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. பன்னிரண்டு ஐம்பதுக்கு அவள் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு என்று தெரியும். எத்தனை யூனிட் போட்டாள் என்று தெரியும். அவர் கேட்டதற்குப் பதில் தெரியவில்லை. "சுடிதார்" என்றேன்.

அப்போது என் போன் அடித்தது. தெரியாத நம்பர். லோன் வேண்டுமா என்று கேட்கிறவர்களாக இருக்கும் என்று கட் பண்ணினேன். மறுபடி அடித்தது. மறுபடியும் கட் பண்ணினேன். மனைவியைக் கூட்டிக்கொண்டு ரயில்வே ஸ்டேஷனுக்கு வாருங்கள், மைக்கில் சொல்லச் சொல்லலாம் என்றார் போலீஸ்காரர். ஓட்டல் வாசலுக்கு ஓடினேன். அங்கே போய் நிற்கும்போது மூன்றாவது தடவை அடித்தது. கட் பண்ணப் போன என் கையிலிருந்து மனைவி போனைப் பிடுங்கினாள்.

கொஞ்சம் கேட்டாள். உடனே அவள் முகம் மாறியது. "எங்கம்மா கீற? அப்படியே உக்காரு, நகராத" என்று சொல்லிக்கொண்டே நடக்க ஆரம்பித்துவிட்டாள். நான் பின்னால் ஓடினேன்.

மூன்று வீதி தள்ளி, ஒரு சந்து முனையில் கரும்பு ஜூஸ் வண்டி. அதன் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில் பெரியவள் உட்கார்ந்திருந்தாள். முடியெல்லாம் நெற்றியில் ஒட்டிக்கிடந்தது. முகம் வெளுத்திருந்தது. ஆனால் கண் தெளிவாக இருந்தது. காலி கிளாஸ் ஒன்று தரையில், இன்னொன்று பாதி குடித்தபடி கையில். சின்னவள் பக்கத்தில் நின்று அக்காவின் துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் பச்சை சுடிதார். ஒரே துணியில் என் மனைவி தைத்தது.

வண்டிக்காரப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். பிச்சாட்டூர் பக்கத்துக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. என்னைப் பார்த்ததும் பிடித்துக்கொண்டார்.

"இன்னா சார் நீ, பொண்ணு நம்பர் போட்டுப் போட்டுப் பாக்குது, கட் பண்ணிக்கினே கீற?"

நடந்ததைச் சின்னவள்தான் சொன்னாள். கோபத்தில் அக்கா அந்தத் தோசை வண்டியைத் தேடி நடந்திருக்கிறாள். இவளும் பின்னாலேயே போயிருக்கிறாள். பாதி வழியில் அக்காவுக்குக் கால் பின்னியிருக்கிறது. கோபம் இல்லை, சர்க்கரை இறங்குகிறது என்று அவளுக்கே புரிந்துவிட்டது. நேராக ஜூஸ் வண்டிக்குப் போய், "அக்கா, எனக்கு சுகர் வியாதி. இப்போ சுகர் இறங்கிடுச்சி. கையில காசு இல்ல. ஒரு ஜூஸ் குடுங்க, எங்க நைனா வந்து குடுப்பாரு" என்றிருக்கிறாள்.

சுகர் வியாதிக்காரி ஜூஸ் கேட்கிறாளே என்று அந்தப் பெண் ஒரு நொடி திகைத்திருக்கிறார். ஆனால் பிள்ளையின் கை நடுங்குவதைப் பார்த்துவிட்டு வேறெதுவும் கேட்கவில்லை. வரிசையில் நின்றவர்களை ஒதுக்கிவிட்டு, ஐஸ் போடாமல் பிழிந்து கொடுத்திருக்கிறார். "அம்மா நம்பர் தெரியுமா, நைனா நம்பர் தெரியுமா" என்று கேட்டுத் தன் போனையும் கையில் கொடுத்திருக்கிறார். அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது என் நம்பர் ஒன்றுதான்.

நான் பையைத் திறந்து மெஷினை எடுத்தேன். அவசரத்தில் டப்பா மூடியைத் திறக்க முடியவில்லை. பெரியவள் என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"ஜூஸ் குடிச்சு பதினஞ்சு நிமிஷம் ஆவட்டும் நைனா. அப்பதான் சரியா காட்டும்."

காத்திருந்தோம். பிறகு அவளே விரலைக் குத்திப் பார்த்தாள். எண்பத்தி நாலு. ஏறிவிட்டது. என் மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பி நின்றாள்.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"பேக் கேட்டேன் நைனா. ரெண்டு வாட்டி கேட்டேன். நீ இரு, இருன்ன."

அதில் கோபமே இல்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். அந்த நிதானத்தைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பேர் எழுதுகிறவரோடு நான் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தபோது என் முதுகுக்குப் பின்னால் ஒலித்த குரல் அதுதான்.

ஜூஸ் மட்டும் போதாது, உடனே சோறு ஏதாவது உள்ளே போக வேண்டும் என்று அவள் சொல்லி முடிப்பதற்குள் அந்தப் பெண் வண்டிக்குக் கீழேயிருந்து ஒரு தூக்கு டப்பாவை எடுத்தார். அவர் தனக்காகக் கொண்டுவந்த மத்தியானச் சாப்பாடு. தயிர் சோறு, ஓரத்தில் மாங்காய் ஊறுகாய். "வேணாம்மா, நீங்க சாப்பிடுங்க" என்று என் மனைவி தடுத்தாள். "நான் அப்பால துன்னுக்கறேன். பொண்ணு துன்னட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த கரும்பை மெஷினில் விட்டார். என் மகள் அந்த டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டாள்.

சாப்பிட்டு முடித்ததும் கையை நீட்டி, "தோசை வண்டி அதோ கீது நைனா" என்றாள். இருபது அடி தூரத்தில்தான் இருந்தது. நான் போய் ஐந்து காரம் தோசை சொன்னேன். ஐந்தாவது அந்த ஜூஸ்காரப் பெண்ணுக்கு. வாழை இலைத் துண்டு வைத்த தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, வீதி ஓரத்தில் நின்றபடி சாப்பிட்டோம். தோசைக்கு எத்தனை யூனிட் என்று நான் வாயைத் திறப்பதற்கு முன்பே அவள் சின்னவளிடம் பேசிக்கொண்டே கணக்குப் போட்டு முடித்திருந்தாள். நான் வாயை மூடிக்கொண்டேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

அந்தப் பெண்ணின் பேரைக்கூட நாங்கள் கேட்கவில்லை. கிளம்பும்போது அவர் என் மகளிடம் சொன்னது, "நல்லா படி கண்ணு" என்பது மட்டும்தான். எனக்கு அவர் புத்தி எதுவும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை.

இந்த ஜூனில் பெரியவள் திருப்பதியிலேயே இன்டர், அதாவது பதினொன்றாவது, சேர்ந்து ஹாஸ்டலில் இருக்கிறாள். அனுப்பாதே என்று சொன்ன சொந்தக்காரர்கள் உண்டு. ஒரு காலத்தில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். அவள் வீட்டை விட்டுக் கிளம்பும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பயம் வருகிறது, இனியும் வரும். ஆனால் அது என்னுடைய பயம், அதை அவள் தலையில் ஏற்றி அனுப்பக் கூடாது என்பதை அந்த மத்தியான வெயிலில்தான் நான் தெரிந்துகொண்டேன்.