சில்வெஸ்டர் அண்ணனும் அலுமினியப் பலகையும்

சில்வெஸ்டர் அண்ணன் சக்கர நாற்காலியில் இருந்தபடியே, ரயில் பெட்டி வாசலில் சாய்த்துப் போட்டிருந்த பலகையை ஊன்றுகோலால் குத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு குத்து, ஓரங்களில் இரண்டு. பெரியகல்லாற்று மீனவர்கள் வாவிக்குள் இறங்குமுன் கம்பு விட்டுச் சேறு பார்ப்பார்கள். இவர் கரைக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. என் ஆட்டோவின் சீற்றையே குத்திப் பார்த்துத்தான் ஏறுவார். மருந்துக் குளிசையை மணந்து பார்த்துத்தான் விழுங்குவார். எங்கு போனாலும் மடியில் ஒரு தோணிக் கயிறு இருக்கும்; ஏன் என்று கேட்டால், "தேவப்படும்" என்பார். அவரோடு அரை நாள் திரிந்தால் எனக்கே என்மேல் சந்தேகம் வந்துவிடும்.

நீரிழிவு என்கிற சீனி வருத்தத்தில் வலது கால் முழங்காலோடு போனது. அதன்பின் ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, இரண்டு பேர் அவரை அரிசி மூட்டைபோலத் தூக்கி இறக்கினார்கள். சனம் நின்று பார்த்தது. அந்த வெட்கத்தில், அங்கே இருக்கும் மகள் றஜனிக்குப் பிள்ளை பிறந்தும் போகவில்லை. பேத்திக்கு இந்த ஞாயிறு ஞானஸ்நானம். இதற்கும் போகாவிட்டால் மகள் முகம்கொடுத்துப் பேசமாட்டாள்.

கொழும்பு ரயிலில் அரசாங்கக் காசில் சக்கர நாற்காலிக்கென்றே ஒரு பெட்டி பூட்டியிருக்கிறார்கள் என்று ஓடிப்போய்ச் சொன்னேன். தேர்தல் எப்போது என்று கேட்டார்.

பெட்டிக்குப் பொறுப்பான ஊழியர் நல்ல மனுசன். கைபிடிகளையும் நாற்காலியைப் பூட்டும் கொளுக்கியையும் பொறுமையாகக் காட்டினார். அண்ணன் வெளியிலிருந்தே ஊன்றுகோலை நீட்டி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்தார்.

"ஏத்துறத்துக்குப் பலகை இரிக்கு. அங்க இறக்கிறத்துக்கு?"

கொழும்பிலும் ஒன்று இருக்கிறதாம்.

"நீங்க கண்டயளா?"

ஊழியர் காணவில்லை; சொல்லியிருக்கிறார்கள். இந்தப் பலகை இங்கேயே நிற்குமாம்.

அண்ணன் திரும்பிப் பலகையைப் பார்த்தார். ஆட்டோவைத் திருப்பச் சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். றஜனிக்கு யார் பதில் சொல்வது?

"தள்ளு தம்பி" என்றார்.

தள்ளி உள்ளே ஏற்றிவிட்டு நான் இறங்கினேன். விசில் ஊதியது. அண்ணன் மடியிலிருந்து கயிற்றை எடுத்தார். குனிந்து பலகையின் மேல்வளையத்தில் முடிச்சுப் போட்டு, வலை இழுப்பதுபோலக் கைமாற்றிக் கைமாற்றி அதை உள்ளே இழுத்தார். பதறி ஓடிவந்த ஊழியரிடம், "மறுகா வரக்குள்ள கொண்டந்து தாறன்" என்றார்.

ரயில் நகர்ந்தது. பலகையைக் காலடியில் கிடத்திவிட்டு, இருந்த ஒற்றைக் காலை அதன்மேல் வைத்தார். குத்திப் பார்க்கவில்லை.