கிரேக்கக் கடலில் அம்மா

இன்று புளியங்குளத்தில் பஸ்ஸுக்குள் இருந்தபோது தங்கச்சி வீடியோ கோல் எடுத்தாள். ஜேர்மனியில் தாதியாக இருப்பவள். விடுமுறைக்கு அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஒரு கிரேக்கத் தீவுக்குப் போயிருக்கிறாள்.

"அண்ணா, அம்மாவைப் பாருங்கோ!"

அம்மா இடுப்பளவு கடலில் நின்றார். கடலுக்குக் கிட்ட, முள்ளியவளையில் இருந்தும், சுனாமிக்குப் பிறகு கடற்கரைப் பக்கமே போகாதவர்.

"பயமில்லையே அம்மா?"

"பயந்தனான்தான். தங்கச்சி கையைப் பிடிச்சவள், இறங்கீட்டன். இப்ப பிடிக்காமலே நிக்கிறன், பார்!"

பக்கத்து சீற்றில் இருந்த அக்காவிடம் போனை நீட்டி, "இது என்ர அம்மா" என்றேன்.

அதற்குள் அம்மா, "கடலெண்டு கூட்டி வந்தவள், ஒரு அலையையும் காணேல்லை. குளம் மாதிரிக் கிடக்கு" என்றார்.

கிரேக்கக் கடலுக்கே குறை சொல்லியாயிற்று. உங்கள் அம்மாமார் எப்படி?