யோகேஸ்வரிக்கு நான் எழுதிக் கொடுக்காத கடிதம்

செவ்வாய்க்கிழமை காலை, யோகேஸ்வரியின் பெயருக்கு நேரே சுகயீன லீவு என்று பதிந்துகொண்டிருந்தேன். டெங்குக் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் இருந்தாள். அவளுடைய தங்கை அழைத்து, "அக்கா போயிட்டா, மிஸ்" என்றாள். போனை வைத்த பிறகும் அந்த வரியை முழுதாகப் பதிந்து முடித்தேன். கை அதன்பாட்டில் வேலை செய்தது. பிறகுதான் அழுதேன்.

எங்கள் ஆடைத் தொழிற்சாலையில் அவளைத் தெரியாதவர்கள் இல்லை. இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் உங்களில் பலருக்கு நியமனக் கடிதம் தந்ததே அவள்தான். மனிதவளப் பிரிவில் நாங்கள் இருவரும் ஒரே கிழமையில் சேர்ந்தோம். பதினோரு வருடம் பக்கத்துப் பக்கத்து மேசை.

எங்கள் தொழிலில் மேலே போக வேண்டுமென்றால் மேலும் படிக்க வேண்டும். நான் முகாமைத்துவ முதுமாணிப் பட்டத்தைத் தேர்ந்தெடுத்தேன். முகாமையாளர் பதவிக்கு அதைத்தான் கேட்டார்கள். வேறு பெரிய இலட்சியம் ஒன்றும் எனக்கு இருக்கவில்லை. இரண்டு வருடம் சனிக்கிழமைகளில் நான் வகுப்புக்குப் போக, என் வேலையையும் சேர்த்து அவள் செய்தாள். "நீ போ கா, இஞ்ச நான் பாத்துக்கொள்ளுறன்" என்பாள். பதவி எனக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்றாள். தனிய இருக்கும்போது பழையபடி பெயரும், எங்கள் ஊரில் சிநேகிதிகள் ஒருவரையொருவர் கூப்பிடும் அந்தக் 'கா'வும்தான்.

அவள் படிக்க நினைத்தது வேறு காரணத்துக்காக. கதிரவெளியிலிருந்து வேலைக்கு வரும் ஒரு இளம் பெண் கர்ப்பமாகி, "என்னை நிப்பாட்டுவாங்களா அக்கா?" என்று கேட்டு வந்தாள். நிச்சயமாகச் சொல்ல யோகேஸ்வரிக்குச் சட்டம் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் போன் எடுத்துக் கேட்டோம். நிறுத்த முடியாது என்ற பதில் வர இரண்டு நாளானது. அதற்குள் அந்தப் பிள்ளை பயந்து, தானே விலகல் கடிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

"எனக்கு முன்னால வந்து இருக்கிறவளுக்கு ஒரு பதில் சொல்ல ஏலாட்டி, நான் எதுக்கு இந்தக் கதிரையில?" என்றாள் யோகேஸ்வரி. தொழிற் சட்ட டிப்ளோமா என்று அன்றே முடிவெடுத்தாள். பதவி உயர்வுக்கு அது உதவாது, முதுமாணியைச் செய் என்று நான் உபதேசம் செய்தேன். "பதவி உனக்கு வடிவா இருக்கு கா. எனக்குச் சட்டம் தெரிஞ்சாக் காணும்" என்று சிரித்தாள்.

அந்தப் பாடநெறிக்கும் வகுப்பு சனிக்கிழமைதான். வகுப்புக்கு விடுவதாக மேலதிகாரி ஒரு கடிதம் தர வேண்டும். மேலதிகாரி நான். விண்ணப்பத்தைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். வெளிநாட்டுக் கொள்வனவாளர்கள் தொழிற்சாலையைப் பார்க்க வரும் நேரம் அது. சனிக்கிழமையில் அவள் இல்லாமல் பிரிவு ஓடாது என்று எனக்குத் தெரியும். நாளைக்கு என்றேன். மறுபடி கேட்டாள், மறுபடியும் நாளைக்கு என்றேன். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் சொன்ன நேரத்தில் கடிதம் அடித்துக் கொடுக்கும் பிரிவு எங்களுடையது. நான்கு வரிதான் எழுத வேண்டியிருந்தது. முடிவுத் திகதி போய்விட்டது.

"அடுத்த வருசம் பாப்பம்" என்றேன்.

"ஓம் மேடம்" என்றாள். அறையில் எங்களைத் தவிர வேறு யாரும் இருக்கவில்லை.

அவள் இறந்து எட்டாம் நாள் அமிர்தகழியில் அவளுடைய வீட்டுக்குப் போனேன். தங்கை தேத்தண்ணி கொண்டுவந்து தந்துவிட்டுப் பக்கத்தில் இருந்தாள். "படிக்கப் போறன் எண்டு அக்கா கொப்பியெல்லாம் வாங்கி வச்சவ, மிஸ். பிறகு, 'வேலை கூடிப்போச்சு, நானே வேணாமெண்டு விட்டுட்டன்' எண்டு சொன்னா. ஏன் விட்டவ எண்டு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன். செத்த வீட்டில் இருந்துகொண்டு அப்படிச் சொன்னேன்.

வீட்டில்கூட என்னை விட்டுக்கொடுக்காமல் அவள் சொன்ன அந்தப் பொய்தான் அவளுடையதென்று இப்போது என்னிடம் இருக்கிறது. அதை நான் வைத்திருக்க முடியாது. தங்கச்சி, அன்று நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். உங்கள் அக்கா படிப்பை விடவில்லை. அவள் கேட்ட கடிதத்தை நான் கொடுக்கவில்லை.