பன்னிரண்டு பயிற்சியாளர்கள்

குறைந்தபட்சக் கூலியை உயர்த்திவிட்டதாகத் தொலைக்காட்சியில் செய்தி வந்தபோது மடிப்பக்கா தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள். குறைந்தபட்சம் என்பது அவளுக்குப் புதிய சொல் இல்லை. அவள் வேலை பார்த்த சலவை நிலையத்தில் அதற்கு ஒரே பொருள்தான்: அதிகபட்சம். அதற்கு மேல் ஒரு காசு யாருக்கும் போனதாகப் பத்தொன்பது வருடங்களில் வரலாறு கிடையாது.

தங்கும் விடுதிகளிலிருந்தும் மருத்துவமனைகளிலிருந்தும் வரும் படுக்கை விரிப்புகளை ஈரம் உலரும் முன் சூடான உருளைக்குள் விட்டு, மறுபக்கம் வெளியே வருவதை இழுத்து நாலாக மடிக்க வேண்டும். அவள் மடித்தால் நான்கு முனைகளும் ஒன்றின்மேல் ஒன்று அளந்து வைத்ததுபோல் உட்காரும். பெயர் வந்தது அப்படித்தான். பெற்றோர் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது, அங்கேயும் எழுத்துப் பிழையோடு.

"இனிமே உன்னைப் பாக்கணும்னா முன்கூட்டியே சொல்லி வெக்கணும் போல," என்றார் கணவர். சரக்கு வண்டி ஓட்டுகிறவர். அடுத்தவருக்கு நல்லது நடந்தால் முதல் கேலி தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்.

மடிப்பக்காவின் மனதில் எழுபத்திரண்டு படிகள் ஓடிக்கொண்டிருந்தன. சலவை நிலையத்துக்குப் போகும் முன், தினமும் காலை ஐந்து மணிக்கு ஒரு நான்கு மாடிக் குடியிருப்பின் படிகளைக் கழுவிவிட்டுப் போகிறாள். "படி ஏறவே கூடாதும்மா," என்று டாக்டர் சொல்லி இரண்டு வருடமாகிறது. ஆலோசனை இலவசம், அதைக் கடைப்பிடிக்கத்தான் வசதி வேண்டும். புதிய கூலி வந்தால் அந்த வசதி வரும்.

மறுநாளே நாலாவது மாடியில் இருக்கும் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளரிடம் போய், இந்த மாதத்தோடு நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட்டாள். ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி அவர். "ரொம்ப சந்தோஷம்மா," என்றார், மேல்தொட்டியில் தண்ணீர் இல்லை என்று கேள்விப்பட்ட முகத்தோடு.

அடுத்த வாரம் மேலாளர் எல்லாரையும் உருளைக்குப் பக்கத்தில் கூட்டினார்.

"முதலாளி நம்ம எல்லாரையும் ஒரே குடும்பமாத்தான் பாக்கறாரு," என்று ஆரம்பித்தார். பன்னிரண்டு பெண்களுக்கும் அந்தச் சொல் பழகியதுதான். முதலாளி குடும்பம் என்று சொல்லும்போதெல்லாம் யாருக்காவது சோறு குறையும்.

"சட்டப்படி பயிற்சியில இருக்கறவங்களுக்கு ஒரு வருஷத்துக்குப் புதுச் சம்பளம் கிடையாது. அதனால உங்க எல்லாரையும் பயிற்சியில சேத்திருக்கோம். ஆளுக்கு ஒரு கடிதம். கையெழுத்துப் போடுங்க."

"பத்தொம்பது வருஷமா மடிக்கறேன் சார். இன்னும் என்ன பயிற்சி?" என்றாள் மடிப்பக்கா.

"கத்துக்கறதுக்கு முடிவே இல்லைம்மா."

"அப்ப முதலாளியும் ஒரு வருஷம் பயிற்சியில இருக்கட்டும் சார், லாபம் எடுக்காம," என்றாள் எதிர்முனை. பதினொரு வருடமாக மடிப்பக்கா மடிக்கும் விரிப்பின் மறுமுனையைப் பிடிப்பவள் என்பதால் அவளுக்கு அந்தப் பெயர். வாய் அவளுடையது, வழக்கு எப்போதும் மடிப்பக்காவுடையது.

மேலாளர் சிரித்தார். பிடிக்காதவர்களுக்கு வாசல் திறந்தே இருக்கிறது என்று அன்போடு தெரிவித்தார். பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டார்கள்.

படி வேலையை விடவில்லை என்று சொல்ல அன்று மாலையே மடிப்பக்கா மறுபடி நாலாவது மாடிக்கு ஏறினாள். பழைய குருடி, கதவைத் திறடி.

செயலாளர் கதவைத் திறந்தார். "பாருங்கம்மா, உங்க கம்பெனியில சம்பளம் ஏத்திட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். அதனால இங்க கொஞ்சம் குறைச்சுக்கலாம்னு சங்கத்துல பேசினோம். திங்கக்கிழமைக்குள்ள சொல்லுங்க. வேற ஒரு அம்மா கேட்டிருக்காங்க."

"அங்க ஏத்தலைங்க சார்."

"பேப்பர்ல போட்டிருக்கேம்மா," என்றார் அவர், அவளுடைய அறியாமைக்காக வருந்தி.

வராத சம்பளத்துக்கு வரி வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கடிதத்தை மேசையில் எறிந்தாள். ஒன்பதாவது படிக்கும் மகள் எடுத்துப் படித்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினாள்.

"அம்மா, நீ பயிற்சியாளரா? எப்பம்மா ஆன?"

"வயித்தெரிச்சலைக் கிளப்பாத."

"இல்லம்மா, இங்க பாரு. 'தங்களைப் பயிற்சியாளராக நியமிக்கிறோம்.' எங்க கைப்பந்துக்கு வர்றாரே, அவருதான் பயிற்சியாளர். விசில் ஊதி எங்களை ஓடவிட்டுட்டு அவரு நிழல்ல நிப்பாரு."

"அப்ப ஓடறவங்க?"

"நாங்க பயிற்சி பெறுபவர். இதுகூடத் தெரியாம எவன் எழுதினது?"

எழுதியது மேலாளர். பயிற்சியில் இருக்கும் ஆள் பயிற்சியாளர் என்பது அவருடைய இலக்கணம். அதற்கு முத்திரையும் குத்தி, பன்னிரண்டு பிரதி எடுத்திருந்தார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்த நுணல் எழுத்தாலும் கெட்டது.

கூலிப் பட்டியலைத் தொழிலாளர் கண்ணில் படும்படி ஒட்ட வேண்டும் என்பது சட்டம். மேலாளர் சட்டத்தை மதிப்பவர். ஒட்டியிருந்தார், சோப்புத்தூள் மூட்டைகளுக்குப் பின்னால். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மடிப்பக்காவும் எதிர்முனையும் ஐந்து மூட்டைகளை நகர்த்திப் பட்டியலைப் படித்தார்கள். பயிற்சி பெறுபவருக்கு விலக்கு. தொழிலாளிக்குப் புதிய கூலி. எல்லாவற்றுக்கும் மேலே, கிட்டத்தட்ட இரண்டு மடங்கில், பயிற்சியாளர்.

"ஏய், நீயும் நானும் வாத்தியாருங்கடி!" என்றாள் எதிர்முனை.

மேலாளரிடம் போனார்கள். "அது சின்ன எழுத்துப் பிழைம்மா," என்றார் அவர்.

"பிழைன்னு எழுதிக் குடுங்க சார், போதும்," என்றாள் மடிப்பக்கா.

அவர் எழுதவில்லை. ஒருமுறை எழுதிப் பட்டவர். வியாழக்கிழமை அரைநாள் விடுப்பில் மடிப்பக்கா தொழிலாளர் அலுவலகத்துக்குப் போய் இரண்டே வரியில் மனு கொடுத்தாள்: 'நான் பயிற்சியாளர். எனக்குப் பயிற்சியாளர் சம்பளம் தரவில்லை.' வாங்கிய குமாஸ்தா அவள் செருப்பையும் மனுவையும் மாறி மாறிப் பார்த்தார்.

சனிக்கிழமை ஆய்வாளர் வந்தார். இடுப்பு வலிக்குப் பட்டை கட்டிய ஒரு பெண். வந்ததும் நாற்காலி கேட்டார், பிறகு கடிதங்களைக் கேட்டார்.

"பன்னெண்டு பயிற்சியாளர் வெச்சிருக்கீங்க. பெரிய கல்லூரியிலகூட இவ்வளவு பேர் இல்ல. யாருக்குப் பயிற்சி தர்றாங்க?"

"மேடம், அவங்கதான் பயிற்சி எடுக்கறவங்க."

"யாருகிட்ட?"

மேலாளர் சுற்றிலும் பார்த்தார். "என்... என் மேற்பார்வையில."

"நல்லது. ஒரு விரிப்பை மடிச்சுக் காட்டுங்க. நானும் கத்துக்கறேன்."

மேலாளர் ஒரு விரிப்பைக் கையில் எடுத்தார். எதிர்முனையைப் பார்த்தார். அவள் கைகளைக் கட்டிக்கொண்டு, பாடம் கேட்கும் பிள்ளைபோல் பணிவாக நின்றாள். அவர் தனியாகவே மடித்தார். மடித்து முடித்தபோது அதற்குள் ஒரு ஆள் குறட்டை விட்டுத் தூங்குவதுபோல் இருந்தது.

"ஒண்ணு, இவங்க பயிற்சியாளர். முத்திரை உங்களோடது, பட்டியல்ல மேல இருக்கற சம்பளத்தைக் குடுங்க. இல்ல, வருஷக்கணக்கா வேலை செய்யறவங்களைப் பயிற்சின்னு பொய்யாக் காட்டினீங்க. அதுக்கு வழக்கு இருக்கு. எது வேணும்?" என்றார் ஆய்வாளர்.

மேலாளர் வெளியே போய் முதலாளியிடம் போனில் பத்து நிமிடம் பேசினார். பேசினார் என்பதைவிடக் கேட்டுக்கொண்டார் என்பதே சரி. திரும்பி வந்தபோது அவர் குரலில் புதிய உணர்ச்சி இருந்தது.

"மேடம், இவங்க தொழிலாளிங்க. எப்பவுமே தொழிலாளிங்கதான்."

தன் கையாலேயே பன்னிரண்டு கடிதங்களையும் புதிதாக எழுதினார், ஒவ்வொரு சொல்லையும் ஆய்வாளரிடம் காட்டி. முதல் தடவை என்பதால் வழக்கு இல்லை, விட்டுப்போன கூலியை மட்டும் அடுத்த சம்பளத்தோடு கொடுங்கள் என்று சொல்லி ஆய்வாளர் கிளம்பினார். முதலாளிகளுக்கு முதல் தடவை என்று ஒன்று உண்டு. மடிப்பக்கா முதல் தடவை ஐந்து நிமிடம் தாமதமாக வந்தபோது அரைநாள் கூலி போயிருந்தது.

மாலையே சுவரில் ஓர் அறிவிப்பு. இனி டீ நேரமும் சாப்பாட்டு நேரமும் வேலை நேரத்தில் சேராது. மணிக்கு இவ்வளவு என்றுதான் சட்டம் சொல்கிறது. மணியைக் குறைக்காதே என்று சொல்லவில்லை. விரிப்புகளின் எண்ணிக்கை மட்டும் மாறாது. அறிவிப்பில் ஒரு பிழைகூட இல்லை. யாரிடமோ கொடுத்துத் திருத்தியிருந்தார்கள்.

"ஒரு கையால குடுத்துட்டு இன்னொரு கையால புடுங்கறான்," என்றாள் எதிர்முனை.

"முழுசாப் புடுங்க முடியலல்ல," என்றாள் மடிப்பக்கா.

அன்று இரவு சாப்பிட்ட தட்டை எடுக்காமலே கணக்குப் போட்டாள். உயர்வில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்விட்டது. மிச்சம், படி கழுவினால் வரும் பழைய பணத்துக்கு எட்டவில்லை. குறைத்துப் பேசிய புதிய பணத்தைவிட ஒரு கைப்பிடி அதிகம். செயலாளர் குறைத்தது அவளுக்கு இவ்வளவு உதவும் என்று செயலாளரே நினைத்திருக்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலாவது மாடிக்கு ஏறினாள். ஒவ்வொரு மாடி வளைவிலும் நின்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்த மாசமும் வரீங்கதானே?" என்றார் செயலாளர்.

"இல்லைங்க சார். அந்த அம்மாவையே வெச்சுக்குங்க. பழைய சம்பளத்தைக் குடுங்க, பாவம்."

"அப்ப அங்க ஏத்திட்டாங்க! நான்தான் சொன்னேனே. என்ன பதவி குடுத்திருக்காங்க?"

"தொழிலாளிங்க சார்."

"முன்னாடியும் அதுதானேம்மா?"

"இப்ப எழுதிக் குடுத்திருக்காங்க."

இறங்கும்போது மூன்றாவது மாடியில் யாரோ சேற்றுக் காலோடு ஏறியிருந்தார்கள். ஆறு படிகளுக்கு அச்சு அச்சாக இருந்தது. கை தானாகத் துணியைத் தேடியது. சுவரைப் பிடித்துக்கொண்டு, அச்சுகளுக்கு நடுவே கால் வைத்து, மெதுவாகக் கீழே இறங்கினாள்.