மாமன் போனில் தெரியாத பெயர்

மரக்காணத்தில், உப்பளத்தை ஒட்டிய தெருவில் இருந்துகொண்டு கடைக்காரர்களுக்கு வெப்சைட் செய்து கொடுப்பவள் அமுதவல்லி. அப்பா நடராசன் உப்பு வாரும்போதே சரிந்து விழுந்து செத்தார். அவள் அழவில்லை. மூன்றாம் நாள் லேப்டாப் முன் உட்கார்ந்து, கருமாதிப் பத்திரிகையை ஒரு வெப் பக்கமாகச் செய்தாள். பின்னணியில் அப்பா படம். அதன்மேல் ஒரு கட்டம். அதற்குள் உறவினர் பெயர்கள். லிங்க்கை எல்லோருக்கும் அனுப்பினாள்.

கருமாதியன்று தம்பி மோகன் தலையில் உருமா கட்ட வேண்டியவர் தாய்மாமன் காசிலிங்கம். அவர் கை படாமல் அந்தத் துணி தலையேறினால் ஊர் பேசும். அவரோ யார் கூப்பிட்டாலும் போனை எடுக்கவில்லை. அம்மா முத்தம்மாள் சோறு தின்பதை நிறுத்திவிட்டாள். அமுதவல்லி மாமா ஊரான கிளியனூருக்கு பஸ் ஏறினாள்.

"எம் பேரு இல்லாத பத்திரிகைக்கு நான் எதுக்கும்மா?" மாமா தன் போனை நீட்டினார். "மச்சான் மூஞ்சிகூட இல்ல. காது மட்டும் இருக்குது. காதுக்கா கருமாதி?"

பார்த்ததும் புரிந்தது. அவர் போனில் வேறு பிரவுசர். அசையாமல் நிற்க வேண்டிய பின்னணிப் படத்தை அது பக்கத்தின் நீளத்துக்கே பெரிதாக்கியிருந்தது. தமிழ் எழுத்தும் அதில் சற்றுப் பெரிது. கட்டத்துக்கு இவ்வளவுதான் உயரம், மிஞ்சினால் மறைத்துவிடு என்று எழுதி வைத்தவள் அவள்தான். மறைந்த கடைசி வரியில் மாமா இருந்தார்.

"என் போன்ல நல்லா இருந்துச்சு மாமா."

"ஓ, எம் போனு மேல தப்பா?"

அங்கேயே லேப்டாப்பைத் திறந்து அந்த உயரத்தை அழித்தாள். "இப்ப பாருங்க."

பெயர் வந்தது. மாமா வெகுநேரம் பார்த்தார்.

"எங்கண்ணு முன்னாடியே எழுதிட்டு, மொதல்லயே இருந்துச்சுங்கிற."

"எழுதல மாமா. மறைஞ்சிருந்துச்சு."

"பொண்ணு பொய் சொல்லாதுங்க" என்றாள் அத்தை தெய்வநாயகி.

"நீ சும்மா இரு."

திருத்துவதற்கு முன் இரண்டு போன்களையும் அருகருகே வைத்துக் காட்டியிருக்கலாம். இப்போது எல்லாப் போனிலும் ஒரே பக்கம்தான்.

கருமாதியன்று அத்தை மட்டும் தட்டில் துணியோடு வந்தாள். துணி வந்தது, கை வரவில்லை. நேரமாகிறது என்றார்கள். மாமன் முறைக்காரர் முருகையன் எழுந்து வந்து கட்டினார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு அலறினாள்.

முடிச்சு தம்பி நெற்றிக்கு நேராக இருக்கிறதா என்று பார்த்தபடி அமுதவல்லி நின்றாள்.